கொழும்பில் நான்கு வாசல், இங்கே ஒரு பருவம்: சிறு மானியங்கள் பற்றிய திருகோணமலைக் கணக்கு

கிண்ணியாப் பாலம் சவூதி அபிவிருத்தி நிதியத்தின் காசு. மூதூர் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 வீதியில், ஒரு காலத்தில் பாதைப்படகுக்குக் காத்துக்கிடந்த இடங்களில் இன்று நிற்கும் பாலங்கள் பிரெஞ்சு அபிவிருத்தி முகவரகத்தின் காசு. இந்த மாவட்டத்தில் சர்வதேச நிதி என்றால் கண்ணுக்குப் படுவது இப்படியான கொங்கிரீட்தான். அதெல்லாம் அரசுக்கும் அரசுக்கும் இடையிலான கணக்கு. கையெழுத்து திறைசேரியில் விழும், கடன் நாட்டின் தலையில் ஏறும். ஒரு மீனவர் சங்கமோ மாதர் சங்கமோ போய்த் தட்டக்கூடிய கதவு அங்கே கிடையாது.

பத்திரிகையில் அடிக்கடி அடிபடும் பசுமைக் காலநிலை நிதியமும் அதே ரகம். அதன் அளவுகோலில் ஆகக் கீழ்த்தட்டுத் திட்டம் என்பதே ஒரு கோடி டொலர் வரை போகும். அதையும் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் மட்டுமே கேட்கலாம். உப்பாற்றங்கரையில் கண்டல் நடவோ, கருவாட்டுக்குச் சூரிய உலர்த்தி போடவோ காசு தேடும் சங்கம் அந்தப் பக்கம் போய்ப் பயனில்லை.

சங்கங்கள் தட்டக்கூடிய வாசல்கள் வேறு. உலகளாவிய சுற்றாடல் வசதி (GEF) என்ற நிதியத்தின் சிறு மானியத் திட்டம், ஜப்பானின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு மானியம், உள்ளூர் முயற்சிகளுக்கான கனடா நிதி, அவுஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம் ஆகிய நான்கையும்தான் இந்த மதிப்புரை எடுத்துக்கொள்கிறது. நான்குக்கும் அலுவலகம் கொழும்பில். நான்கும் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத காசு. ஒவ்வொன்றின் நோக்கத்தையும் அவர்களுடைய இணையத்தளத்தில் அழகாக எழுதிவைத்திருக்கிறார்கள், அதை இங்கே மறுபடி எழுதுவதில் அர்த்தமில்லை. நாங்கள் பார்ப்பது ஒன்றைத்தான்: காசு வருகிற மாதமும் திருகோணமலையில் வேலை நடக்கக்கூடிய மாதமும் பொருந்துகிறதா? இங்கே ஐப்பசியில் தொடங்கும் மழை தை வரை விடாது. வாடைக்காற்று காலத்தில் கடலும் மண்ணும் இடம் கொடா. பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் கூலிக்கு ஆள் கிடைக்காது. ஆக, கட்டவும் தோண்டவும் வசதியான காலம் சித்திரை முதல் புரட்டாதி வரை. கொழும்பில் உட்கார்ந்து படிவம் அச்சடிப்பவருக்கு இது தெரியாது. விண்ணப்பிக்கும் சங்கங்களில் பாதி இதை மறந்துவிட்டுத்தான் கால அட்டவணை போடுகின்றன.

இந்த வாசல்களில் கூட்டம் கூடிக்கொண்டே போகிறது என்பதையும் சொல்லவேண்டும். பணக்கார நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவியாகத் தரவேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது 1970இல். 2015இல் அடிஸ் அபாபாவிலும் 2025இல் செவில்லாவிலும் கூடி அதே எண்ணைத் திரும்ப எழுதினார்கள். எட்டிப்பிடித்த நாடுகளை விரல்விட்டு எண்ணலாம். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியது. அதே ஆண்டு பிரித்தானியா தன் பங்கை 2027இல் 0.3 சதவீதத்துக்கு இறக்கப்போவதாக அறிவித்தது. அந்தக் காசில் ஓடிய பெரிய தொண்டு நிறுவனங்களும் இப்போது சிறு மானிய வரிசைக்கு வருகின்றன. ஆங்கிலத்தில் எழுதச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பவர்களோடுதான் வெருகல் சங்கமொன்று போட்டிபோட வேண்டியிருக்கிறது.

சுற்றாடல் வசதியின் சிறு மானியம்

1992இல் தொடங்கிய திட்டம். இலங்கையில் 1994 முதல் நடக்கிறது, நடத்துவது ஐ.நா. அபிவிருத்தித் திட்டம். ஒரு திட்டத்துக்கான உச்சவரம்பு நெடுங்காலமாக 50,000 டொலர். எட்டாவது நிதிச் சுழற்சியில் அதை 75,000 ஆக உயர்த்தினார்கள் (சுழற்சி என்பது பல வருடத்துக்கான ஒரு நிதிக் கட்டம்). உச்சவரம்பைப் பார்த்து அதே தொகையைக் கேட்பது முதல் பிழை. முதல் தடவை கேட்கும் சங்கம் தன் கணக்குப் புத்தகத்தில் இதுவரை கையாண்ட ஆகப்பெரிய தொகையைப் போல இரண்டு மூன்று மடங்குக்குமேல் கேட்டால், தெரிவு செய்பவர்கள் புருவத்தை உயர்த்துவார்கள்.

இந்த வாசலின் நல்ல பக்கங்கள் மூன்று. முடிவெடுப்பது தேசிய வழிநடத்தற் குழு; அதில் அரசு சாராதவர்களே பெரும்பான்மை. விண்ணப்பத்தை உள்ளூர் மொழியில் கொடுக்கலாம், ஆகவே தமிழில் எழுதிய திட்டம் தகுதி இழக்காது. முழுத் திட்டம் எழுதுவதற்கு முன், ஊரைக் கூட்டிப் பேசவும் அளவெடுக்கவும் 5,000 டொலர் வரை திட்டமிடல் மானியம் கேட்கலாம். இந்தக் கடைசி வசதியைப் பயன்படுத்தும் சங்கங்கள் குறைவு. நான்கு வாசல்களிலும் ஆகப் பயனுள்ளது அதுதான் என்பது எங்கள் எண்ணம்.

கெட்ட பக்கம், இடம். ஒவ்வொரு சுழற்சிக்கும் நாட்டில் சில நிலப்பரப்புகளைத் தேர்ந்து காசை அங்கேதான் குவிப்பார்கள். ஆறாவது சுழற்சியில் இலங்கைக்குத் தேர்ந்தவை நக்கிள்ஸ் காடும் சுற்றயலும், மன்னார்த் தீவிலிருந்து யாழ்ப்பாணம் வரையான கரையோரம், கொழும்பு நகர ஈரநிலங்கள். கொட்டியாரக்குடாவும் தம்பலகாமக்குடாவும் கொக்கிளாய்க் களப்பும் வெளியே. அப்படியான சுழற்சியில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் கிடைக்காது. நாட்டு மூலோபாய ஆவணம் என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து உங்கள் பிரதேசம் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

கண்டல் நடுகைக்கு இங்கிருந்து நிறைய விண்ணப்பங்கள் போகும் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களைப் பார்த்த ஆய்வொன்று 2017இல் வெளியானது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நடப்பட்டதாகச் சொன்ன 1,000 முதல் 1,200 ஹெக்டயரில் தேறியது 200 முதல் 220 ஹெக்டயர். காரணங்கள் புதிரானவை அல்ல. பிழையான இடம், பிழையான இனம், நட்டபின் திரும்பிப் பாராமை.

திருகோணமலைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே உள்ள உயரம் ஏறத்தாழ அரை மீற்றர்தான். ஆகவே நடும் மட்டம் ஒரு சாண் கீழே போனால் கன்று எந்நேரமும் தண்ணீரில் நின்று அழுகும், ஒரு சாண் மேலே போனால் ஆவணி வெயிலில் உப்புப் பூத்துக் கருகும். நடமுன் செய்யவேண்டியது, பக்கத்தில் தானாக வளர்ந்து நிற்கும் கண்டலின் அடிமட்டத்தைத் தண்ணீர்க் குழாய்மட்டம் வைத்து அளந்து, நடுமிடத்தில் அதே மட்டத்தைக் குறித்துக் கம்பு அடிப்பது. உள்ளே தண்ணீர் தெரியும் ஒரு குழாய், ஒரு கட்டு கம்பு, இரண்டு பேர், ஒரு நாள் வேலை. இதற்கு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் வரி காணோம். பதிலாக ரீ சேர்ட்டுக்கும் பதாகைக்கும் வரி இருக்கிறது.

அந்த இடத்தில் ஏன் இப்போது கண்டல் இல்லை என்ற கேள்விக்கும் விடை வேண்டும். வெட்டியதால் இல்லையென்றால் நடலாம். வீதிக்கு மண் போட்டு நீரோட்டத்தை மறித்ததால் இல்லையென்றால், அங்கே காசைக் கன்றில் போடாமல் ஒரு மதகுக் குழாயில் போடவேண்டும். நீர் வந்து போகத் தொடங்கினால் விதை தானாக மிதந்து வரும். ஒருபோதும் கண்டல் இல்லாத வெறும் சேற்றுத்திடல் என்றால் விட்டுவிடுங்கள். அது இறாலும் கொக்கும் மேயும் இடம்.

நீள்முளை கொண்ட இனங்களைச் சேற்றில் குத்திவிடுவது சுலபம், செலவும் இல்லை. அதனாலேயே எல்லாரும் அதை மட்டும் நடுகிறார்கள். கரைப்பக்கம் மேட்டில் நிற்கவேண்டிய இனங்களைப் பையில் நாற்றாக வளர்த்து எடுக்க ஆறு மாதமாவது வேண்டும். அதற்கு நாற்றுமேடை, நிழல்வலை, நல்ல தண்ணீர், பார்த்துக்கொள்ள ஒரு ஆள். நடுவதற்கு எங்கள் தெரிவு தை கடைசியும் மாசியும்: வெள்ளம் வடிந்திருக்கும், களப்பில் உப்பு இன்னும் ஏறியிருக்காது. வேலி அடியுங்கள். கன்றைத் தின்பதிலும் மிதிப்பதிலும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் நிகரில்லை, தம்பலகாமம் பக்கம் கேட்கவே வேண்டாம். முதல் வருடம் மாதம் ஒரு தடவை பாசியையும் பொலித்தீனையும் கன்றிலிருந்து எடுத்துவிட ஆள்கூலி போடுங்கள். விளைவுக் கட்டத்தில் "நட்ட கன்றுகள் 10,000" என்று எழுதாமல், "12 மாதத்தில் உயிரோடு நிற்கும் பரப்பு" என்று எழுதுங்கள். எண் சின்னதாகத் தெரியும். ஆனால் குழுவில் இருக்கும் விடயம் தெரிந்தவர் அந்த வரியில்தான் நிமிர்ந்து உட்காருவார்.

இணைநிதி, அதாவது சங்கம் தன் பக்கத்திலிருந்து போடும் பங்கு, கேட்பார்கள். காசாகவே வேண்டும் என்றில்லை, உழைப்பாகவும் பொருளாகவும் காட்டலாம். 40 பேர் 6 நாள் சிரமதானம் செய்தால் 240 ஆள்நாள். நாளொன்றுக்கு 2,500 ரூபாய் என்று போட்டால் 6 இலட்சம். ஆனால் வரவுப் பதிவேடு வேண்டும்: திகதி, பெயர், அடையாள அட்டை இலக்கம், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. வேலை முடிந்து மூன்று மாதம் கழித்து ஒரே பேனாவில் நிரப்பிய பதிவேட்டைக் கண்டுபிடிக்கக் கணக்காய்வாளருக்கு ஐந்து நிமிடம் போதும்.

பருவப் பொருத்தம் இங்கே நன்று. ஒன்று முதல் இரண்டு வருடத் திட்டம் என்பதால் ஒரு மழையை இடையில் விட்டாலும் சமாளிக்கலாம். எங்கள் புள்ளி 10க்கு 8. உங்கள் பிரதேசம் தேர்ந்த நிலப்பரப்புக்கு வெளியே என்றால் பூச்சியம்.

ஜப்பான்: கட்டடமும் இயந்திரமும்

1989இல் தொடங்கியது, 2003இல் இன்றைய பெயர் வந்தது. ஒரு திட்டத்துக்கு 1 கோடி யென் என்பது நெடுங்கால வழக்கமான வரம்பு. வடக்கில் கண்ணிவெடி அகற்றியதில் இந்த மானியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சங்கங்கள் மட்டுமல்ல, பிரதேச சபை, பாடசாலை, வைத்தியசாலைகூடக் கேட்கலாம்.

கொடுப்பது கண்ணால் காணக்கூடியதற்கு. கட்டடம், கிணறு, அம்புலன்ஸ், நீர்ச்சுத்திகரிப்பு, குளிரூட்டி. சம்பளம், எரிபொருள், மின்கட்டணம், திருத்தச் செலவு எதுவும் கிடையாது. தனி ஆள் வியாபாரத்துக்கும் கிடையாது. இந்த ஒரே விதியில்தான் இங்கே பல நல்ல பொருட்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன.

பதவிசிறிபுரப் பக்கம் சிறுநீரக நோய்ப் பயத்தால் எல்லாரும் கேட்பது ஆர்.ஓ. நீர்ச்சுத்திகரிப்பு இயந்திரம். அதையே எடுத்துப் பார்ப்போம். இயந்திரம் இலவசமாக வந்துவிடும். பிறகு முன்வடிகட்டிகளை மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை மாற்றவேண்டும், கல்படியாமல் இருக்க மருந்து ஊற்றவேண்டும், இரண்டு மூன்று வருடத்தில் உப்பைப் பிரிக்கும் சவ்வையே மாற்றவேண்டும். சிறிய இயந்திரங்களில் உள்ளே போகும் நீரில் ஏறத்தாழப் பாதி, உப்புச் செறிந்த கழிவாக வெளியே வரும். அதைக் கிணற்றுக்குப் பக்கத்து வாய்க்காலில் விட்டால் நாலு வருடத்தில் அந்தக் கிணறே கெடும். ஆகவே வரைபடத்திலேயே கழிவுக்குழியைக் கிணற்றுக்குத் தூரமாக, நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் காட்டவேண்டும். குச்சவெளி போன்ற கரையோரத்தில் கிணற்று நீரிலேயே உப்பு அதிகம். அங்கே அழுத்தம் கூடிய பம்பி வேண்டும், மின்கட்டணமும் ஏறும்.

இந்தச் செலவுக்குத் தூதரகம் காசு தராது, ஆனால் எங்கிருந்து வரும் என்று கேட்கும். "மக்கள் பங்களிப்பு" என்று ஒரு சொல்லில் முடிக்காதீர்கள். எடுத்துக்காட்டாக: நாளொன்றுக்கு 3,000 லீட்டர் விற்பனை, லீட்டருக்கு 50 சதம் திருத்த நிதிக்கு என்று ஒதுக்கினால் மாதம் 45,000 ரூபாய். அது தனிச் சேமிப்புப் புத்தகத்தில் போகும், இரண்டு பேர் கையெழுத்தில்லாமல் எடுக்க முடியாது. இப்படி ஒரு பந்தி எழுதிய விண்ணப்பம் பத்துப் பக்கக் கண்ணீர்க் கதையை வெல்லும்.

நடைமுறை கடுமை, ஆனால் ஒளிவுமறைவு இல்லை. மூன்று விலைமனுக்கள், தனி வங்கிக் கணக்கு, இடத்தைப் பார்க்கத் தூதரக ஆட்கள் நேரில் வருகை, கையெழுத்திட்டபின் ஒரு வருடத்தில் வேலை முடிவு. ஒப்புக்கொண்ட பொருளை மாற்றவேண்டும் என்றால் முதலில் எழுத்தில் அனுமதி. மிச்சக்காசில் நல்லெண்ணத்தோடு வேறு ஏதாவது வாங்கினாலும் அது மீறல்தான். பருவத்துக்கு வந்தால், ஜப்பானிய நிதியாண்டு மார்ச் 31இல் முடியும், அதற்கு முன்னைய மாதங்களில்தான் கையெழுத்துகள் திரள்வது வழக்கம். அப்படி மாசி, பங்குனியில் கையெழுத்தானால் சித்திரையில் அத்திவாரம் வெட்டலாம், ஆவணியில் கூரை ஏறிவிடும். திருகோணமலைக்கு அளந்து தைத்த சட்டை மாதிரி. விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து கையெழுத்து வரை நீண்ட காத்திருப்பு என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். 10க்கு 7, திருத்த நிதிக்கு வழி உள்ள சங்கத்துக்கு மட்டும்.

கனடா: மழைக்காலத்துக் காசு

உச்சவரம்பு 1 இலட்சம் கனேடிய டொலர் என்றாலும் வழக்கமாகக் கிடைப்பது அதில் கால்வாசி, அரைவாசி. கனடாவின் நிதியாண்டும் மார்ச் 31இல்தான் முடிகிறது. ஆனால் இங்கே காலம் எதிர்மாறாக ஓடும். அழைப்பு வருட நடுவில் வரும், ஒப்பந்தம் ஆடி, ஆவணிக்கு இழுபடும், செலவெல்லாம் பெப்ரவரியோடு முடிந்திருக்கவேண்டும் என்பார்கள். அதாவது கையில் காசு இருக்கும் மாதங்களில் பாதிக்கு மேல் மழை. வெருகலிலோ மூதூர்க் கிராமங்களிலோ கட்டட வேலைக்கு இதைக் கேட்பது வெள்ளத்தில் சீமெந்து கரைப்பது.

அதனால் கனடாவை ஒதுக்கவேண்டும் என்றில்லை. கூரைக்குக் கீழே நடக்கும் வேலைக்குக் கேளுங்கள்: சட்ட அறிவூட்டல், பெண்கள் தலைமைத்துவம், கணக்குப் பயிற்சி, ஆய்வு, வெளியீடு. சம்பளம், பயணம், மொழிபெயர்ப்பு, மண்டப வாடகை எல்லாம் கொடுக்கும் வாசல் இது. ஜப்பான் மறுப்பதை இது தருகிறது. சுழற்கடன் நிதி, தொடக்க முதல், சங்கத்தின் பொதுச் செலவு ஆகியவை கிடையாது. கள ஆய்வை ஆவணி, புரட்டாதியில் முடித்து, கார்த்திகை, மார்கழியை வகுப்புக்கு விட்டு, தையில் கணக்கை மூடினால் நெருக்கடி இல்லை.

விண்ணப்பம் ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில்தான். அதில் பால்நிலைப் பகுப்பாய்வுப் பகுதி கட்டாயம், பலர் விழுவதும் அங்கேதான். "50 பெண்கள் கலந்துகொள்வர்" என்பது தலைக்கணக்கு. கரையில் கருவாடு போடும் பெண்களை எடுத்தால், மீனுக்கு விலை வைப்பவர் யார், முற்பணம் யாரிடம், விற்ற காசு யார் கையில் தங்குகிறது என்று எழுதவேண்டும். காலையில் வள்ளம் கரைதட்டும் நேரத்தில் வகுப்பு வைத்தால் அன்றைய உழைப்பு போய்விடும், ஆகவே பிற்பகல் மூன்று மணிக்கு மேல், பிள்ளைகளைப் பார்க்க ஒருவர் ஏற்பாடு என்று எழுதினால் அதுதான் பகுப்பாய்வு. பட்டியல் மாதிரி எழுதத் தேவையில்லை, ஊரைத் தெரிந்தவர் பேசுவதுபோல் எழுதினால் போதும். கட்டட வேலைக்கு 3, பயிற்சிக்கு 8.

அவுஸ்திரேலியா

திட்டமொன்றுக்கு 60,000 அவுஸ்திரேலிய டொலர் வரை, ஆகக்கூடியது இரண்டு வருடம். நிதியாண்டு யூலையில் தொடங்கும். இணையப் படிவம், பாதியில் சேமித்துவிட்டுப் பிறகு தொடரலாம், அதுவே மின்தடை உள்ள இடங்களுக்குப் பெரிய நிம்மதி. சிறுவர் பாதுகாப்பு, பாலியல் சுரண்டல் தடுப்பு, மோசடித் தடுப்பு பற்றிய விதிகளைப் படித்து ஒப்புக்கொள்ளவேண்டும். சங்கத்துக்கென்று இவற்றில் ஒரு பக்கக் கொள்கை எழுதிப் பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றி, கூட்டக்குறிப்போடு வைத்திருங்கள். வேறெங்கும் உதவும். மாற்றுத்திறனாளிகளைச் சும்மா ஒரு வரியில் சேர்க்காமல், சரிவுப்பாதை, கைபிடி, போக்குவரத்து என்று வரவுசெலவில் காசு ஒதுக்கினால் கவனிப்பார்கள். இரண்டு வருடம் கேட்டு வாங்கினால் பருவச் சிக்கல் வராது. 10க்கு 7.

எந்த வாசலானாலும் தடுக்கும் கற்கள்

பெயர் முதலாவது. மூதூருக்கும் குச்சவெளிக்கும் ஆங்கிலத்தில் பலவித எழுத்துக்கூட்டல் புழங்குகிறது. பதிவுச் சான்றிதழில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று, விண்ணப்பத்தில் மூன்றாவது என்றால் வெளிநாட்டிலிருந்து வந்த காசு வங்கியிலேயே தங்கிவிடும். விண்ணப்பிக்குமுன் மூன்றையும் ஒரே எழுத்தில் ஆக்குங்கள். வங்கி கேட்டால் காட்ட ஒப்பந்தத்தின் பிரதி தயாராக இருக்கட்டும்.

பதிவு எந்தச் சட்டத்தில் என்பதும் முக்கியம். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொன்றும் வெவ்வேறு கந்தோரில் பதிவு. தொண்டு நிறுவனம் என்றால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம். கொடையாளி கேட்பது பதிவு இலக்கம் மட்டுமல்ல. கடைசி வருடப் பொதுக்கூட்டக் குறிப்பும் கணக்கறிக்கையும். கூட்டம் கூடாத சங்கம் பிரதேச செயலாளரிடம் கடிதம் வாங்கவே அலையவேண்டிவரும்.

விலைமனுவில் விழும் ஓட்டை பெரியது. கடைகள் கொடுக்கும் விலை பெரும்பாலும் 30 நாளைக்குத்தான் செல்லும். ஒப்புதல் வர அதைவிடப் பல மடங்கு காலம் எடுக்கும். வற் வரி உள்ளடங்கலா, நீங்கலா என்று எழுதிக் கேளுங்கள். 2024 சனவரி முதல் அது 18 சதவீதம். 20 இலட்சத்துப் பம்பிக்கு "நீங்கலாக" என்ற சொல்லைக் கவனிக்காமல் விட்டால் 3 இலட்சத்து 60 ஆயிரம் சங்கத்தின் தலையில் விழும். மூன்று விலைமனுவும் ஒரே கையெழுத்தில், ஒரே தொலைபேசி இலக்கத்தோடு போவதை இன்னும் காண்கிறோம். கொழும்பில் இருப்பவர்களுக்குக் கண் இருக்கிறது.

நாணயமாற்று அடுத்தது. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டபோது 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. ரூபாயில் ஒப்பந்தம் போட்டவர்களுக்குச் சீமெந்தும் கம்பியும் எட்டாத உயரத்துக்குப் போயின. ஒப்பந்தம் எந்த நாணயத்தில், மாற்று வீதத்தால் வரும் மிச்சமோ குறைவோ யாருக்கு என்ற இரண்டையும் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். இறக்குமதிப் பொருளை முதல் தவணையிலேயே வாங்குங்கள், மணலும் கல்லும் பிறகு பார்க்கலாம்.

அனுமதி. கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி உயர்நீர்க் குறியிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும், கடலோடு இணைந்த களப்பு, ஆற்றுவாயென்றால் உள்நோக்கி 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். உப்பாறு, தம்பலகாமக்குடா, கொக்கிளாய் முகத்துவாரம் ஓரத்தில் எதைக் கட்டினாலும் இந்தக் கணக்கைப் பாருங்கள். புறாமலைத் தீவு 2003 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே முருகைக்கல்லைத் தொடும் எந்த வேலைக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து அனுமதி முதலில் வேண்டும். வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்பதைக் கிராம உத்தியோகத்தரோடு போய் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். வரைபடமும் கல்லும் ஒத்துப்போகாத இடங்கள் இந்த மாவட்டத்தில் குறைவில்லை.

கடைசியாகக் காணி. கட்டடம் கேட்டால் உறுதியோ, நீண்டகால அனுமதிப்பத்திரமோ, பிரதேச செயலகத்தின் பயன்பாட்டுக் கடிதமோ கேட்பார்கள். மீள்குடியேறிய ஊர்களில் இது கையில் இல்லாத சங்கங்கள் அநேகம். பரவாயில்லை, கட்டடத்தை விட்டுவிட்டு இடம்பெயர்க்கக்கூடிய பொருளைக் கேளுங்கள்: காப்பிட்ட ஐஸ் பெட்டி, கழற்றிப் பூட்டும் சூரிய உலர்த்தி, சில்லில் ஓடும் பம்பி. காணிக் கடிதம் வந்த வருடம் கூரைக்கு விண்ணப்பிக்கலாம்.